டெக்கின் ஆயுள் பலகையில் இல்லை

டொராண்டோ வட்டாரத்தில் வீட்டின் பின்புறம் போடும் மரத்தளம், அங்குள்ளவர் பேச்சில் டெக், ஒரே ஆண்டில் மைனஸ் 20 டிகிரிக் குளிரையும் 30 டிகிரிக்கு மேற்பட்ட வெயிலையும் காண நேர்கிறது. விலை உயர்ந்த பலகை வாங்கிவிட்டால் டெக் நீடிக்கும் என்பது பரவலான நம்பிக்கை. ஆனால் கேடு தொடங்குவது மண்ணுக்குள்ளும் சுவரோரத்திலும் ஆணித் துளையிலும்தான்.

மண் கெட்டியாக இருந்தால் தூண்களுக்கு ஆழத் தோண்ட வேண்டாம் என்பார்கள். அந்த வட்டாரத்தில் குளிர்காலத்தில் நிலம் சுமார் 1.2 மீட்டர் ஆழம்வரை உறையக்கூடும். நீர் உறையும்போது 9 சதவீதம் பருப்பது உண்மையே என்றாலும், தூண் எழும்புவதற்கு அது மட்டும் காரணம் அல்ல. களிமண்ணும் வண்டல்மண்ணும், திரி எண்ணெயை இழுப்பதுபோல, கீழிருந்து நீரை உறையும் மட்டத்துக்கு இழுக்கின்றன. அங்கே பனிக்கட்டி அடுக்கடுக்காகத் தடித்து, மேலே உள்ளதைத் தூக்குகிறது. வசந்தத்தில் அது உருகும்போது எல்லாத் தூண்களும் ஒரே அளவில் இறங்குவதில்லை. ஒரு மூலை தூக்கி நிற்கும். கைப்பிடியின் இணைப்பு வாய் பிளக்கும். ஆகவே அஸ்திவாரத்தின் அடி 1.2 மீட்டருக்குக் கீழே அமைய வேண்டும். உறைந்த மண் கான்கிரீட்டின் பக்கங்களைப் பற்றியும் இழுக்கும் என்பதால், வழவழப்பான குழாய் அச்சில் வார்ப்பது நல்லது. வீட்டோடு இணையாத தாழ்வான டெக்கைத் தரைமேல் கற்களில் நிறுத்தலாம்; நிலத்தோடு சேர்ந்து முழுத்தளமும் அசையும், எதனோடும் மோதாது.

டெக் இடிந்து விழும்போது முதலில் பார்க்க வேண்டிய இடம், அதை வீட்டோடு பிணைக்கும் சுவர்ச்சட்டம். வெறும் ஆணிகள் போதும் என்ற எண்ணம் உயிருக்கே ஆபத்தானது. ஆள்கூட்டத்தின் பாரத்தில் ஆணி வழுக்கி வெளியே வந்துவிடும். போல்ட்டோ பாரம் தாங்கும் திருகாணியோ வீட்டின் தளச்சட்டத்துக்குள் இறங்கி நிற்க வேண்டும். மரச்சட்ட வீட்டின் முகப்பில் தெரியும் செங்கல் வெறும் போர்வை. அது பாரம் சுமக்காது. அத்தகைய வீட்டில் சுவரை ஒட்டித் தனித் தூண்வரிசை நிறுத்துவதே சரி. சட்டத்தின் தலைமேல், சுவரை மூடும் வெளிப்பலகைக்குப் பின்னால் செருகிய மடிப்புத் தகடும் வேண்டும். அது இல்லாவிட்டால் மழைநீர் பின்னால் இறங்கித் தேங்கும். சில ஆண்டுகளில், வெளியே பழுதற்றதாகத் தெரியும் சட்டத்தில் ஸ்க்ரூ டிரைவர் முனை அழுத்தாமலே உள்ளே போகும்.

மருந்தேற்றிய மரம் உளுக்காது என்பது பாதி உண்மை. மருந்து பல நேரம் மரத்தின் நடுப்பகுதிவரை போவதில்லை. அறுத்த முனைகளில் மறுபடி மருந்து தடவ வேண்டும். ஆர்சனிக் கலந்த பழைய மருந்து 2003 இறுதியோடு வீட்டு உபயோக மரங்களிலிருந்து விலக்கப்பட்டது. இப்போதைய மருந்துகளில் உள்ள செம்பு சாதாரண ஆணியையும் அலுமினியத் தகட்டையும் அரிக்கும். உருகிய துத்தநாகத்தில் தோய்த்தெடுத்ததோ துருப்பிடிக்காத எஃகோதான் நிலைக்கும். செடார் மரத்திலும் வைரம் பாய்ந்த பகுதிக்குத்தான் இயல்பான எதிர்ப்பு உண்டு, வெளிப்புற வெள்ளைப் பகுதிக்கு இல்லை.

பிளாஸ்டிக்கும் மரத்தூளும் கலந்த காம்போசிட் பலகை பராமரிப்பே கேட்காது என்கிறார்கள். பலகை உளுக்காமல் இருக்கலாம், அடியிலுள்ள சட்டம் பெரும்பாலும் மரமே. மேலும் மரம் ஈரத்தால் அகலத்தில் விரியும், காம்போசிட்டோ வெப்பத்தால் நீளத்தில் நீளும். முனைகளில் இடைவெளி விடாவிட்டால் பலகைகள் முட்டிக்கொள்ளும்.

வார்னிஷ் பூசினால் நீர் நுழையாது என்பதும் தவறு. வெயிலில் அந்தப் படலம் வெடிக்கும். விரிசலில் இறங்கிய நீர் வெளியேற வழியின்றி உள்ளேயே நிற்கும். மரத்துக்குள் ஊறும் ஸ்டெயின் உரிவதில்லை. ஆனால் புதிய பலகை காய்ந்த பிறகே அதைப் பூச வேண்டும். சில துளி நீரைத் தெளித்துப் பார்க்கும்போது அது முத்தாக நின்றால் பலகை இன்னும் காயவில்லை, உறிஞ்சினால் பூசலாம். பனியை அள்ளப் பலகையின் நீளவாக்கில் தள்ளும் பிளாஸ்டிக் மண்வெட்டி போதும். உப்பைத் தூவினால் அடியிலுள்ள திருகாணிகள் அரிபடும்.