கட்டத்துக்குள் மூன்று சுழி

நம் ஞாயிறு தமிழ் வகுப்பில் ண, ன குழப்பம் தீராத வியாதி. சென்ற மாதம் பிள்ளைகளிடம் கிராஃப் தாளைக் கொடுத்து, பழைய கணினித் திரையில் எழுத்து அமைந்த விதத்தையே பாடமாக்கினேன்.

1981-இல் வந்த ஐ.பி.எம். கணினியின் வண்ணத் திரையில் குறுக்கே 640 புள்ளிகள், மேலிருந்து கீழாக 200. ஓர் எழுத்துக்கு எட்டுக்கு எட்டுக் கட்டம். ஆக, வரிக்கு 80 எழுத்து, மொத்தம் 25 வரி. ஆங்கில 'ஐ' ஆனாலும் 'டபிள்யூ' ஆனாலும் ஒரே அகலம்தான். பட்டியலில் எண்கள் ஒன்றின்கீழ் ஒன்றாக நிற்பது அதனால்தான்.

'ட' சுலபமாக அடங்கிற்று. 'ன' ஒருவாறு அடங்கிற்று. 'ண'வில் திணறினார்கள். நிற்கும் கோடு நான்கு, நடுவே வெள்ளை மூன்று, அடுத்த எழுத்தோடு ஒட்டாமலிருக்க ஒன்று. எட்டும் தீர்ந்தது! முதல் சுழியை உள்ளே வளைக்க இடமேது? என் பேத்தி ஒரு சுழியைக் குறைத்துவிட்டாள். அவள் எழுதிய 'மணம்' என்பதைப் பக்கத்துப் பையன் 'மனம்' என்று படித்தான். அன்றைக்குத்தான் இருவருக்கும் வித்தியாசம் புரிந்தது.

1998-இல் வெளிவந்த யூனிஃபான்ட் என்ற புள்ளி எழுத்துருவில் ஆங்கிலத்துக்கு 8-க்கு 16, அகன்ற எழுத்துகளுக்கு 16-க்கு 16. சரியாக இரட்டிப்பு என்பதால் வரிசை கலையாது. வீட்டில் 16 கட்டம் போட்டு 'ண' வரையச் சொல்லிப் பாருங்கள். 'ணை' எனக்கே இன்னும் சரியாக அமையவில்லை.