பகலில் ஏன் விளக்கு?

காலை மணி பதினொன்று. வெளியே வெயில் கொளுத்துகிறது. தெருவில் நடந்தால் கண் கூசுகிறது. வீட்டுக்குள்ளே? பல்பு எரிகிறது!

குஜராத் மாநிலத்தில் அகமதாபாத் நகரம் இருக்கிறது. அங்கே நெருக்கமான குடியிருப்புகளில் இது தினமும் காணும் காட்சி. ஒரே அறை கொண்ட வீடுகள். பக்கத்து வீட்டுச் சுவரோடு ஒட்டிய சுவர்கள். ஜன்னல் வைக்க இடம் ஏது? வெளிச்சம் வர வாசல் ஒன்றுதான் வழி. மேலே தகர ஷீட்.

அந்த அறையில்தான் சமையல். அங்கேதான் படுக்கை. பகலில் அதுவே வேலை செய்யும் இடம். பெண்கள் அங்கே உட்கார்ந்து துணி தைக்கிறார்கள். ஊதுபத்தி உருட்டுகிறார்கள். ஜனவரியில் வரும் உத்தராயணப் பண்டிகைக்குப் பட்டம் ஒட்டுகிறார்கள். எத்தனை உருப்படி முடிகிறதோ, அத்தனைக்குத்தான் கூலி. வெளிச்சம் குறைந்தால் கை மெதுவாகும். தையல் கோணினால் துணி திரும்பி வரும். கரண்ட் போனால் அன்றைய கூலியும் போகும்.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். 60 வாட் குண்டு பல்பு ஒன்று தினமும் 10 மணி நேரம் எரிகிறது. ஒரு நாளைக்கு 600 வாட்-மணி. ஆயிரம் வாட் பல்பு ஒரு மணி நேரம் எரிந்தால் ஒரு யூனிட். அப்படியானால் 30 நாளைக்கு 18 யூனிட். இப்போது பல வீடுகளில் எல்.இ.டி. பல்பு வந்துவிட்டது. 9 வாட் எல்.இ.டி. பல்புக்கு மாதம் மூன்று யூனிட்கூட ஆகாது. அது நல்லதுதான். ஆனால் கரண்ட் இல்லாத நேரத்தில் எந்தப் பல்பும் எரியாது. சூரியனுக்கு மின்வெட்டு கிடையாது.

உச்சி வெயில் நேரத்தில் வெளியே எவ்வளவு வெளிச்சம் இருக்கிறது, தெரியுமா? ஊசியில் நூல் கோக்க வேண்டிய வெளிச்சத்தைப் போல நூறு மடங்குக்கும் மேல்! அதில் ஒரு துளி உள்ளே வந்தால் போதும். வாசல் வழியாக வரும் வெளிச்சம் வாசற்படியோடு நின்றுவிடும். மூலைக்குப் போகாது. மேலேயிருந்து விழும் வெளிச்சம்தான் அறை முழுதும் பரவும்.

மங்களூர் ஓடு வேய்ந்த வீடுகளில் இது பழைய பழக்கம். ஓடுகளுக்கு நடுவே ஒரு கண்ணாடி ஓடு பதிப்பார்கள். அடுப்படியில் அந்த ஒரு ஓடு செய்யும் வேலை கொஞ்சமல்ல. தகரக் கூரையில் ஓட்டுக்குப் பதிலாக ஒளி புகும் பைபர் ஷீட் போடலாம். அகமதாபாத்தில் மகிளா ஹவுசிங் டிரஸ்ட் என்ற அமைப்பு 1994 முதல் இயங்குகிறது. கூரை வழியே வெளிச்சமும் காற்றும் வரச் செய்வது அதன் வேலைகளில் ஒன்று.

பிரேசில் நாட்டில் ஆல்ஃபிரெடோ மோசர் என்ற மெக்கானிக் 2002-இல் வேறு வழி கண்டார். அப்போது அங்கே மின்வெட்டு. இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலில் அவர் சுத்தமான தண்ணீரை நிரப்பினார். பாசி பிடிக்காமல் இருக்க இரண்டு மூடி பிளீச்சிங் திரவம் ஊற்றினார். கூரையில் துளையிட்டு, பாட்டிலின் ஒரு பகுதி வெளியே, மீதி உள்ளே இருக்கும்படி பொருத்தினார். வெளியே விழும் வெயிலைத் தண்ணீர் திருப்பி அறையெங்கும் சிதறவிட்டது. நல்ல வெயிலில் அது 40 முதல் 60 வாட் குண்டு பல்பு அளவுக்கு வெளிச்சம் தரும். பல நாடுகளில் ஏழை மக்கள் இதைச் செய்து பார்த்தார்கள். இரவில் மட்டும் இது உதவாது.

ஆனால் ஓர் எச்சரிக்கை. உங்கள் கூரை ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டா? அதை அறுக்கவோ துளையிடவோ வேண்டாம். அந்தத் தூசி நுரையீரலைக் கெடுக்கும். அதன்மேல் ஏறி நிற்கவும் கூடாது. திடீரென்று உடையும்.

வெளிச்சத்தோடு வெப்பமும் வருமே என்று கேட்கலாம். உண்மைதான். அதனால் பெரிய ஷீட் வேண்டாம். சிறியது போதும். கூரையின் வடக்குச் சரிவில் வைத்தால் நேர் வெயில் குறைவாக விழும். உள்சுவருக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால் அதே வெளிச்சம் இன்னும் கூடும். புகை படிந்த கறுப்புச் சுவர் வெளிச்சத்தை விழுங்கிவிடும்.

புதிதாகச் சுவர் எழுப்புகிறவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் (1917-2007) செங்கல்லுக்கும் செங்கல்லுக்கும் இடைவெளி விட்டுச் சுவர் கட்டினார். திருவனந்தபுரம் தம்பானூரில் அவர் கட்டிய இந்தியன் காபி ஹவுஸ் சுருள் போல மேலே ஏறும். அதன் சுவர் முழுக்கச் சின்னச் சின்னத் துளைகள். வெளிச்சமும் காற்றும் வரும். வெயில் அவ்வளவாக வராது. செங்கல் செலவும் குறையும்.

கூரையில் எதைப் பொருத்தினாலும் ஓரத்தை நன்றாக அடைக்க வேண்டும். மழைக்காலம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். ஒரு குடம் தண்ணீரை மேலே ஊற்றிவிட்டு, உள்ளே வந்து அண்ணாந்து பாருங்கள்.