கட்டி முடிக்காத வீடு

கேள்வி: ‘பயனாளரை மையமாக வைத்த வடிவமைப்பு’ என்று செயலி உருவாக்குகிறவர்களும் சொல்கிறார்கள், கட்டடக் கலைஞர்களும் சொல்கிறார்கள். ஏழைகளுக்கு வீடு கட்டும்போது யாராவது அப்படிச் செய்ததுண்டா?

பதில்: இந்தூரில் செய்தார்கள். 1980களில் கட்டடக் கலைஞர் பாலகிருஷ்ண தோஷி வடிவமைத்த அரண்யா குடியிருப்பு. அவர் தொடர்புடைய ஆய்வுக் குழு அந்த ஊர்க் குடிசைப் பகுதிகளுக்குள் போய்க் குறிப்பெடுத்தது. மரத்தடியில் என்ன நடக்கிறது, பெட்டிக்கடை எந்த மூலையில் முளைக்கிறது, வாசலில் என்னென்ன வேலை ஓடுகிறது எல்லாம். செயலிக்காரர்கள் காப்பியடிக்க வேண்டியது இதைத்தான். கீறல் விழுந்த போனில் வெயிலில் நின்று தட்டுகிறவரைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் எத்தனை பேர்?

அரண்யாவில் ஏழைகளுக்கு முழு வீடு தரவில்லை. ஏறத்தாழ 35 சதுர மீட்டர் மனை, அடித்தளம், தண்ணீர்க் குழாய், கழிப்பறை. சிலருக்கு ஓர் அறையும் உண்டு. மிச்சத்தை, கையில் காசு சேரச் சேர அவரவரே கட்டிக்கொள்ளலாம். எப்படியெல்லாம் கட்டலாம் என்று காட்ட 80 மாதிரி வீடுகளை எழுப்பினார்கள். வெளியே படிக்கட்டு, தெருவைப் பார்த்த பால்கனி, வாசலில் நம் திண்ணைக்கு உறவான ‘ஓட்லா’. தையல், வியாபாரம், ஊர்வம்பு எல்லாவற்றுக்கும் அதுதான் இடம்.

அரண்யாவுக்கு 1995இல் ஆகா கான் கட்டடக்கலை விருது. தோஷிக்கு 2018இல் கட்டடக்கலைக்கான பிரிட்ஸ்கர் பரிசு. ஆனால் எல்லாம் திட்டப்படியே நடந்துவிடவில்லை. மனையை விற்றுவிட்டுப் போனவர்களும் உண்டு. அதுவும் பயனாளர் எடுத்த முடிவுதானே!