மரபியல் மருத்துவர்

சிலமலையிலிருந்து மேற்கே நோக்கினால் போடி மலைச்சரிவுகள் தோன்றும். அங்குள்ள ஏலத் தோட்டத்தாரைக் கேளுங்கள். ஏலத்தை விதையிட்டு வளர்த்தால், ஒரே தாய்ச்செடியின் கன்றுகளுள் ஒன்று மிகுதியாகக் காய்க்கும்; மற்றொன்று குறைவாகக் காய்க்கும். தூரிலிருந்து பிரித்து நட்ட கன்றோ தாயைப் போலவே இருக்கும். மக்கட்பிறப்பு விதைக்கன்றைப் போன்றது. தாயிடமிருந்து ஒரு பாதியும் தந்தையிடமிருந்து ஒரு பாதியுமாக மரபுக் கூறுகள் குழந்தையை வந்தடைகின்றன. அவற்றுடன் சில நோய்களும் வருதல் உண்டு. அந்நோய்களை ஆராய்ந்து கூறுபவரே மரபியல் மருத்துவர்.

இவருடைய கல்வி நெடியது. மருத்துவ இளநிலைப் படிப்பு, ஓராண்டுப் பயிற்சி உட்பட, ஐந்தரை ஆண்டுகள். தேனி மாவட்டத்து மாணவர் க.விலக்கிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரியிலேயே அதனைப் பயிலலாம். அதன்பின் குழந்தை மருத்துவம் போன்றதொரு துறையில் மூன்றாண்டுகள். பின்னர் மருத்துவ மரபியலில் மேலும் மூன்றாண்டுகள். இலக்னோவிலுள்ள சஞ்சய் காந்தி முதுநிலை மருத்துவக் கழகம் இக்கல்விக்குப் பெயர் பெற்றது. வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியிலும் இதற்கெனத் தனித்துறை உண்டு.

நம் நாட்டு மலைகளும் இவ்வறிவியலுக்குச் சான்றளித்துள்ளன. செருமனியில் பிறந்து 1930-களில் இங்கிலாந்தில் குடியேறிய ஹெர்மன் லேமன் என்னும் மருத்துவர், இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இந்தியாவில் பணியாற்றிச் சோகை நோயை ஆராய்ந்தார். பின்னர் அவரும் மேரி கட்புஷ் என்னும் அம்மையாரும், நீலகிரிப் பழங்குடியினரிடையே அரிவாள் அணுக் கூறு காணப்படுவதை 1952-இல் வெளியிட்டனர். இக்கூற்றினைத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பெற்ற குழந்தைக்குச் சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்து, குருதிக் குழாய்களை அடைக்கும். அதனால் கடும் வலியும் சோகையும் உண்டாகும். ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவர் பெரும்பாலும் நலமாகவே வாழ்வர். தம்மிடம் அக்கூறு இருப்பதையே அறியார்.

நோயுற்ற குழந்தையைக் கண்டதும் மருத்துவர் முதலில் கேட்பது குடிவழியைத்தான். ஆணைச் சதுரமாகவும் பெண்ணை வட்டமாகவும் வரைவர். உறவுக்குள் மணந்தோரை இரட்டைக் கோட்டால் இணைப்பர். அக்காள் மகளையோ மாமன் மகளையோ மணக்கும் வழக்கமுள்ள நம் நாட்டில் இவ்விரட்டைக் கோடு அடிக்கடி விழும். மாமனும் மருமகளும் மரபுக் கூறுகளில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கினைப் பொதுவாக உடையவர். மாமன் அத்தை மக்கள் எட்டில் ஒரு பங்கினை உடையவர். ஆதலின், இருவரிடமும் ஒரே குறை மறைந்திருத்தல் எளிது.

அடுத்து விளக்குவதே கடினமான பணி. பெற்றோர் இருவரிடமும் அக்குறை மறைந்திருப்பின், நோயுறும் வாய்ப்பு நான்கில் ஒன்று. இதனைக் கேட்டோர், ஒரு குழந்தை நோயுற்றதால் அடுத்த மூன்றும் தப்பும் என எண்ணிவிடுகின்றனர். அஃது அன்று, ஒவ்வொரு கருவிற்கும் அதே நான்கில் ஒன்றுதான். தாயை மட்டும் பழித்தலும் பொருந்தாது; இத்தகைய நோயில் தந்தையின் பங்கும் சமமே. குடும்பத்திலுள்ள குறை இன்னதென முன்பே அறியப்பட்டிருந்தால், கருவுற்றுப் பதினொரு வாரம் ஆனபின் நச்சுக்கொடியிலிருந்து சிறு திசுவை எடுத்து, அக்கரு நோயுற்றதா என ஆராய்ந்து கூறுவர்.