மலைச்சாலைக்கு ஏற்ற தலைக்கவசம்

ஏற்காடு வட்டத்து வெள்ளக்கடையில் வசிக்கும் ஒருவர் அதிகாலையில் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு சேலத்துக்குப் புறப்பட்டாரானால், காப்பித் தோட்டங்களுக்கு நடுவே மூடுபனியில் நனைந்தபடி ஆரம்பிக்கும் அவருடைய பிரயாணம், இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து அடிவாரத்தை எட்டுவதற்குள், போட்டிருக்கும் ஸ்வெட்டரை எங்கே நிறுத்திக் கழற்றலாம் என்று யோசிக்க வைக்கும் வெயிலில் வந்து முடிகிறது. ஏறக்குறைய ஐயாயிரம் அடி உயரத்திலிருந்து ஆயிரம் அடிக்கும் குறைவான சமவெளிக்கு, ஒரே காலைப்பொழுதில் இரண்டு சீதோஷ்ணங்களை அனுபவித்துக்கொண்டு இறங்கும் இத்தகைய மனிதர் தமக்கென்று ஒரு தலைக்கவசம் தேர்ந்தெடுப்பது, சேலத்துக்காரர் தேர்ந்தெடுப்பதைக் காட்டிலும் சற்று அதிக யோசனையை வேண்டும் காரியம்.

போலீஸாருக்காக வாங்குகிறவர் எது மலிவோ அதை வாங்குகிறார். அழகுக்காக வாங்குகிறவர் எது கண்ணைப் பறிக்கிறதோ அதை வாங்குகிறார். இவ்விருவருடைய கவசங்களும் பெரும்பாலும் பெட்ரோல் டாங்கின்மீதும் முழங்கையிலுமே சவாரி செய்துகொண்டிருக்கக் காண்கிறோம். நெற்றியை உறுத்துவதும், காதை நசுக்குவதும், மூச்சுப்பட்டுக் கண்ணை மறைப்பதுமான கவசத்தை எவரும் தலையில் நெடுநேரம் வைத்திருக்கமாட்டார்கள். ஆகவே, சௌகரியம் என்பதை அலங்காரத்தோடு சேர்த்து எண்ணாமல், பாதுகாப்பின் ஓர் அங்கமாகவே கொள்ளவேண்டும் என்பது என் அபிப்பிராயம். கீழே வரும் முறைகளும் அந்த அபிப்பிராயத்தை ஒட்டியே அமைந்தவை.

முதலில் சட்டத்தைப் பார்த்துவிடுவோம். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் 129-ஆவது பிரிவு தலைக்கவசத்தைப் பற்றியது. 2019-இல் திருத்தப்பட்டபின், ஓட்டுகிறவர் மட்டுமின்றிப் பின்னால் உட்காருகிறவரும், நான்கு வயதைக் கடந்த குழந்தையும்கூட அதை அணிந்தாக வேண்டும் என்று அது சொல்லுகிறது. தலைப்பாகை அணிந்த சீக்கியருக்கு மட்டும் விலக்கு உண்டு. மீறினால் ஆயிரம் ரூபாய் அபராதம் என்றும், மூன்று மாதத்துக்கு ஓட்டுநர் உரிமம் செல்லாமற்போகும் என்றும் 194-டி பிரிவு விதிக்கிறது. தமிழ்நாட்டில் நெடுங்காலம் நூறு ரூபாயாக இருந்த அபராதம் இந்த ஆயிரமாக உயர்ந்தது 2022 அக்டோபரில். அதற்கு முன்பே, சென்னை உயர்நீதிமன்றத்தின் உத்தரவினால் 2015 ஜூலை 1 முதல் மாநிலம் முழுவதும் தலைக்கவசம் கண்டிப்பாக்கப்பட்டதை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். தோட்டத்துக்குப் போகிறவர்கள் பலர் ஓட்டும் டி.வி.எஸ். எக்ஸ்.எல். மொபெட்தானே என்று அலட்சியமாக இருந்துவிடக் கூடாது. சட்டத்தின் கண்ணில் அதுவும் மோட்டார் சைக்கிளே. இன்னொரு விஷயம்: வாரினால் தலையோடு பத்திரமாகப் பிணைக்கப்பட்டிருப்பதையும் சேர்த்தே சட்டம் தலைக்கவசம் என்று வரையறுப்பதால், வாரைப் பூட்டாமல் தொங்கவிட்டுக்கொண்டு போகிறவர் அணியாதவரோடுதான் சேர்த்தி.

கடையில் முதற்காரியமாகக் கவசத்தின் பின்புறத்தில் ஐ.எஸ்.ஐ. முத்திரையைத் தேடவேண்டும். 2021 ஜூன் 1 முதல் இந்த முத்திரையில்லாத இருசக்கர வாகனத் தலைக்கவசத்தைத் தயாரிப்பதும் விற்பதும் நம் நாட்டில் குற்றம். முத்திரை மட்டும் போதாது. அதன் தலைப்பில் ஐ.எஸ். 4151 என்ற தர எண்ணும், அடியில் சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்கவேண்டும். வெறும் முத்திரையை எவரும் ஒரு ஸ்டிக்கரில் அச்சடித்து ஒட்டிவிடலாம் என்பதாலேயே இந்த எண்ணைப் பார்க்கச் சொல்லுகிறேன். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ‘பி.ஐ.எஸ். கேர்’ என்னும் செயலியில் அந்த எண்ணை இட்டால், எந்தக் கம்பெனிக்கு எந்தப் பொருளுக்காக அது வழங்கப்பட்டது, இன்னும் நடப்பில் இருக்கிறதா என்பதெல்லாம் கடையில் நின்றபடியே தெரிந்துவிடும். சாலையோரத்தில் தார்ப்பாயை விரித்துக் குவியலாக விற்பவற்றில் இந்தப் பரீட்சையில் தேறுவது துர்லபம். வெளிநாட்டிலிருந்து உறவினர் வாங்கி வந்த, ஈ.சி.இ. என்றோ டாட் என்றோ பொறித்த கவசம் தரத்தில் உயர்ந்ததாகவே இருக்கலாம், ஆயினும் ஐ.எஸ்.ஐ. இல்லாதவரையில் நம் சட்டத்துக்கு அது போதாது. கட்டட வேலைக்கான மஞ்சள் தொப்பியைப் பற்றிப் பேசவே தேவையில்லை.

முத்திரையைப் பார்த்தபின் உள்ளே கையை விட்டுப் பாருங்கள். துணிமெத்தையைச் சற்று விலக்கினால் கெட்டியான தெர்மக்கோல் ஓர் அங்குலம் அளவுக்கேனும் தட்டுப்படவேண்டும். அங்கே வெறும் ஸ்பாஞ்சுதான் இருக்கிறதென்றால் அந்தப் பொருளை மரியாதையாகக் கீழே வைத்துவிடலாம். வெளியோட்டின் வேலை அடியைப் பரவலாக்குவதும் கூர்மையான பொருள் உட்புகாமல் தடுப்பதும்தான். அடியின் வேகத்தை வாங்கிக்கொண்டு தான் நசுங்கி, மூளை திடுமென்று நின்றுவிடாமல் காப்பது அந்தத் தெர்மக்கோலே. ‘அரேபிய லாரன்ஸ்’ என்று பிரசித்தி பெற்ற டி.இ. லாரன்ஸ் 1935-இல் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து, ஆறு நாள் நினைவின்றிக் கிடந்து மரணமடைந்தபோது அவரைக் கவனித்த வைத்தியர்களில் ஒருவரான ஹ்யூ கேர்ன்ஸ், அதன்பின் யுத்த காலத்தில் செய்தி கொண்டுசெல்லும் இராணுவ மோட்டார் சைக்கிள்காரர்களின் தலைக்காயங்களை ஆராய்ந்து 1941-இல் எழுதிய கட்டுரைதான் இந்தத் துறைக்கே அஸ்திவாரம். அவ்வாண்டின் இறுதியிலேயே பிரிட்டிஷ் இராணுவம் தன் மோட்டார் சைக்கிள்காரர்களுக்குத் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கிவிட்டது. உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தவர்கள், தலைக்கவசம் மரண அபாயத்தை 42 சதவீதமும், தலைக்காய அபாயத்தை 69 சதவீதமும் குறைப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள்.

இனி அளவு. எவ்வளவு விலையுயர்ந்த கவசமாயினும் தலையின் அளவுக்குப் பொருந்தாவிட்டால் பிரயோஜனமில்லை என்பதால், சிரத்தையோடு செய்யவேண்டிய காரியம் இதுவே. தையற்காரர் நாடாவைப் புருவத்துக்கு மேல் விரற்கடை அளவு தள்ளி, நெற்றியிலிருந்து பின்மண்டையின் மிகப் புடைத்த பாகத்தைச் சுற்றி அளந்துகொள்ளுங்கள். நாடா இல்லையென்றால் ஒரு நூலினால் சுற்றி, அந்த நூலை ஸ்கேலின்மீது நீட்டிப் பார்த்தாலும் போதும். அளவு 58 சென்டிமீட்டர் வந்தால் 580 என்றும், 60 வந்தால் 600 என்றும் அச்சிட்ட கவசத்தைக் கேட்டு வாங்கவேண்டும்; மீடியம், லார்ஜ் என்னும் சொற்கள் கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடுவதால் அவற்றை நம்பாமல் மில்லிமீட்டரை நம்புவது உசிதம்.

அணிந்து பார்க்கும்போது, வெற்றிலையை அடக்கியவர் கன்னம்போல இரண்டு கன்னங்களும் சற்றே உப்பி நிற்கவேண்டும். புதுக்கவசம் இறுக்கமாயிருக்கிறதே என்று ஓர் அளவு பெரியதை எடுப்பவர்கள், உள்மெத்தை சில மாதங்களில் படிந்து தளர்ந்துவிடும் என்பதை மறந்துவிடுகிறார்கள். வாரைப் பூட்டிக்கொண்டு, தாடைக்கும் வாருக்கும் இடையே ஒன்றிரண்டு விரல்களுக்கு மேல் நுழையாதபடி இறுக்கி, கவசத்தை இரு கைகளாலும் பற்றிப் பக்கவாட்டில் திருப்பினால், நெற்றித்தோல் கவசத்தோடு சேர்ந்து நகரவேண்டுமேயன்றிக் கவசம் மட்டும் தனியே சுழலக்கூடாது. பிறகு கடைக்காரரையோ கூட வந்தவரையோ பின்புற விளிம்பைப் பிடித்து மேல்நோக்கி முன்பக்கமாக உருட்டச் சொல்லுங்கள். கழன்று வந்துவிட்டால், விபத்திலும் கழன்றுவிடும். இவ்வளவும் ஆனபின் அவசரப்படாமல் பத்து நிமிஷம் அணிந்தபடியே நில்லுங்கள். நீள்முட்டைத் தலைக்காரருக்கு நெற்றியிலும், வட்டத் தலைக்காரருக்குப் பொட்டிலும் வலி தொடங்குவது அதற்குள் தெரிந்துவிடும்; அப்படித் தெரிந்தால் அதே அளவில் வேறு கம்பெனியின் கவசத்தைக் கேட்பதே பரிகாரம். கண்ணாடி அணிபவர்கள் கண்ணாடியோடும், கொண்டை போடும் பெண்கள் பின்னலைத் தாழ்வாக விட்டும் அணிந்து பார்க்கவேண்டும். கொண்டையும் அதைச் சுற்றிய மல்லிகையும் கவசத்தை முன்னே தள்ளிப் புருவத்தில் இறக்கிவிடும்.

மலைவாசிகளுக்கே உரிய ஒரு சிக்கலும் இங்கே உண்டு. மார்கழி, தைக் குளிரில் குரங்குக் குல்லாயின்மேல் கவசத்தை மாட்டிக்கொள்வது நம்மவர் வழக்கம். தடித்த கம்பளிக் குல்லாயோடு பொருந்தும் கவசம் வெயில் நாளில் தலையில் உருளும்; வெறுந்தலைக்குப் பொருந்துவது குல்லாயின்மேல் ஏறாது. ஆதலால் வெறுந்தலைக்கே அளவெடுத்து வாங்கிவிட்டு, குளிருக்கு மெல்லிய பருத்தி முகமூடி ஒன்றை உள்ளே அணிந்து, கழுத்துக்கு மப்ளரைச் சுற்றிக்கொள்வதே சிறந்த உபாயம். மப்ளரின் நுனிகளைச் சட்டைக்குள் செருகிவிட வேண்டும்.

வடிவத்தைப் பொறுத்தவரை நான் தயங்காமல் முழுமுகக் கவசத்துக்கே வாக்களிப்பேன். வளைவில் மண்ணோ உதிர்ந்த சருகோ வழுக்கி முன்புறமாக விழுகிறவனுக்கு முதலில் தரையைத் தொடுவது தாடையும் முகமுமாக இருக்கக்கூடும். திறந்தமுகக் கவசம் அவற்றுக்கு ஒரு பாதுகாப்பும் அளிப்பதில்லை. முழுமுகம் போட்டால் எதிரே வரும் பஸ்ஸின் ஹாரன் காதில் விழாது என்ற புகாரில் அவ்வளவாகச் சாரமில்லை. ஹாரன் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு காற்றின் இரைச்சலும் எஞ்சின் இரைச்சலும் குறைகின்றன. காதை உண்மையில் அடைப்பது, உள்ளே செருகிக்கொள்ளும் பாட்டுக் கருவியே. வெயிலில் வேர்க்கிறது என்பது நியாயமான புகார்; நெற்றிக்கு மேலும் தாடையிலும் திறந்துமூடும் காற்றுத்துளைகளும், கழற்றித் துவைக்கக்கூடிய உள்துணியும் உள்ளதாகப் பார்த்து வாங்கினால் அதற்குப் பெருமளவு நிவாரணம் கிடைக்கும். தாடையைத் தூக்கித் திறக்கும் வகை, அடிக்கடி நிறுத்திப் பேசவேண்டியவர்களுக்குச் சௌகரியம்தான். ஆனால் எடை கூடுதல், கழுத்து வலியுள்ளவர்கள் யோசித்துச் செய்யவேண்டும்.

வெள்ளக்கடைக்காரருக்கு மிகவும் முக்கியமானது முகக்கண்ணாடி. வெளியே குளிர், உள்ளே சுவாசத்தின் உஷ்ணம். ஆகவே மூச்சு நீர்த்திவலையாகிக் கண்ணாடியில் படிந்து, ஏற்கெனவே பனியால் மறைந்த பாதையை இரண்டாம் முறை மறைக்கிறது. இதற்கு ஆன்ட்டி-ஃபாக் பூச்சுள்ள கண்ணாடியோ, உட்புறத்தில் ‘பின்லாக்’ என்ற இரண்டாவது தகட்டைப் பொருத்தும் வசதியுள்ள கண்ணாடியோ கிடைக்கிறது. இரண்டு தகடுகளுக்கிடையே அடைபட்ட காற்று குளிரை உள்ளே விடாததால் பின்னது நன்றாக வேலை செய்கிறது, விலைதான் அதிகம். அதற்கு மனமில்லாதவர்கள் மூக்குத் தடுப்பு உள்ளதாகவும், ஒரு விரற்கடை மட்டும் திறந்து நிறுத்தக்கூடிய கீல் உள்ளதாகவும் பார்த்து வாங்கினால் சமாளித்துவிடலாம். கறுப்புக் கண்ணாடி கூடவே கூடாது. சமவெளி வெயிலுக்கு வேண்டுமானால், வெளியே தெளிந்த கண்ணாடியும், வேண்டும்போது உள்ளிருந்து இறக்கிக்கொள்ளும் கறுப்புத் தகடும் உள்ள வகை இருக்கிறது. கீழே இறக்கி, மேலே ஏற்றிக்கொள்ளலாம்.

கடைசியாக அழகு. இளைஞர்கள் பளபளப்பற்ற கறுப்பின்மீது கொண்டிருக்கும் மோகம் எனக்குத் தெரியும். மூடுபனியில் சில்வர் ஓக் மரங்களின் நிழலோடு நிழலாகக் கலந்துவிடுவதற்கு அதைக் காட்டிலும் பொருத்தமான நிறம் கிடையாது என்பதையும் அவர்கள் தெரிந்துகொள்ளட்டும். நியூஸிலாந்தில் ஆக்லாந்து வட்டாரத்தில் நடத்திய ஆய்வொன்றில் (2004), கறுப்புக் கவசத்தாரோடு ஒப்பிடும்போது வெள்ளைக் கவசத்தாருக்கு விபத்துக்காய அபாயம் 24 சதவீதம் குறைவு என்று கண்டார்கள். வெள்ளை, மஞ்சள், ஆரஞ்சு ஆகியவற்றில் கண்ணுக்கு இனிய வேலைப்பாடுகள் எத்தனையோ வருகின்றன. விருப்பமான நிறம் கிடைக்கவில்லையென்று தாமே பெயின்ட் பூசுவதும், தின்னரால் துடைப்பதும், கண்ட பசையால் ஸ்டிக்கர் ஒட்டுவதும் பிளாஸ்டிக் ஓட்டைப் பலவீனமாக்கும்.

வாங்கிய கவசத்தைப் பக்கக் கண்ணாடியில் மாட்டித் தொங்கவிட்டால் உள்ளிருக்கும் தெர்மக்கோல் குழிவிழும். தேங்காயெண்ணெய் ஊறிய உள்துணியை மாதம் ஒருமுறை மிதமான சோப்பில் அலசி நிழலில் உலர்த்துங்கள். ஒரு பலமான அடி பட்டுவிட்டால், வெளியே கீறல் மட்டுமே தெரிந்தாலும், நசுங்கிய தெர்மக்கோல் பழைய நிலைக்குத் திரும்புவதில்லையாதலால் அதை மாற்றியே ஆகவேண்டும். அடியே படாவிட்டாலும் ஐந்து ஆண்டுக்கு மேல் வைத்துக்கொள்வது உசிதமல்ல.

குழந்தைகளைப் பற்றி ஒரு வார்த்தை. ஒன்பது மாதத்திலிருந்து நான்கு வயது வரையுள்ள குழந்தையை ஏற்றிச்செல்வதற்கு, தலைக்கவசத்தோடு ஓட்டுநருடன் பிணைக்கும் பாதுகாப்பு வாரும் வேண்டும், வேகம் மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்ற விதி 2023 பிப்ரவரி 15 முதல் அமலில் இருக்கிறது. தகப்பனாரின் பழைய கவசம் எட்டு வயதுப் பிள்ளைக்குத் தலையில் கவிழ்த்த குடம்தான். அது உருண்டு கண்ணை மறைக்குமே தவிரக் காப்பாற்றாது. இதே நியாயம் மனைவிக்கும் தாயாருக்கும் பொருந்தும். ஆகையால் கவசம் வாங்கச் சேலத்துக்கு இறங்கும்போது தனியாக இறங்காமல், வழக்கமாகப் பின்னிருக்கையில் உட்காருகிறவரையும் அழைத்துக்கொண்டு போங்கள். அவர் தலையை அளக்காமல் அவருக்குக் கவசம் வாங்க முடியாது.