'செக்' என்னும் சொல்லின் சரித்திரம்

வியாபாரிகளாகிய நம் நாவில் அன்றாடம் புரளும் ஆங்கிலச் சொற்களுள் 'செக்' என்பதும் ஒன்று. பாங்கியில் பணம் பெற எழுதிக் கொடுப்பது செக். வந்திறங்கிய சரக்கை எண்ணிச் சரிபார்ப்பது செக். கட்டம் போட்ட துணியும் செக். இம்மூன்றுக்கும் உறவு உண்டா? உண்டு. அவற்றின் வேர் பாரசீக மொழியில் இருக்கிறது.

பாரசீகத்தில் 'ஷாஹ்' என்றால் அரசன். இந்தியாவில் தோன்றிய சதுரங்கம் பாரசீகம் சென்று, பின்னர் அரபு முஸ்லிம்கள் வாயிலாக ஐரோப்பாவை அடைந்தது. எதிரியின் அரசனைத் தாக்கும்போது 'ஷாஹ்' என்று எச்சரிப்பது ஆட்ட வழக்கம். அச்சொல்லே லத்தீனிலும் பழைய பிரெஞ்சிலும் உருமாறி ஆங்கிலத்தில் 'செக்' ஆயிற்று. எச்சரிக்கப்பட்டவர் அரசனைக் காக்காமல் வேறு காரியம் பார்க்க முடியாது. ஆகவே 'தடுத்தல்' என்னும் பொருள் பிறந்தது. தடுத்து நிறுத்திப் பார்ப்பதால் 'சரிபார்த்தல்' என்பதும் தொடர்ந்தது.

சதுரங்கப் பலகையின் கட்டங்கள் துணிக்குப் பெயர் தந்தன. பழவேற்காட்டின் பெயரால் மலாய்க்காரர் 'கைன் பெலேக்கட்' என்று வழங்கும் கட்டம் போட்ட கைலியும் இவ்வகையைச் சேர்ந்ததே. இங்கிலாந்தில் 12 ஆம் நூற்றாண்டில் அரசாங்கக் கணக்கைத் தீர்க்க 10 அடி நீளமும் 5 அடி அகலமும் உள்ள மேஜை இருந்தது. கோடுகளிட்ட கறுப்புத் துணியை அதன்மேல் விரித்து, வில்லைகளை நகர்த்திக் கணக்கிட்டனர். அது சதுரங்கப் பலகையை ஒத்திருந்தமையால் கஜானா இலாகாவுக்கே 'எக்ஸ்செக்கர்' என்று பெயர் வந்தது.

பாங்கிச் செக்கின் கதை 18 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பணப் பத்திரத்தில் மோசடி நேராதபடி சரிபார்ப்பதற்காக வைத்துக்கொண்ட அடித்துண்டுக்கே முதலில் 'செக்' என்று பெயர். பிறகு அப்பெயர் பத்திரத்துக்கே ஆகிவிட்டது.

அரபு மொழியில் 'ஸக்' என்னும் சொல் எழுத்து மூலமான பத்திரத்தைக் குறிக்கும். 10 ஆம் நூற்றாண்டில் இப்னு ஹவ்கல் என்னும் பயணி, சஹாராவின் தென்புறத்தில் அவ்தகுஸ்த் நகரில் 42,000 தீனாருக்கான கடன் பத்திரம் ஒன்றைக் கண்டதாக எழுதியுள்ளார். செக் என்ற ஆங்கிலச் சொல்லே 'ஸக்'கிலிருந்து வந்தது என்பது சிலர் அபிப்பிராயம். ஆங்கில அகராதிகளோ சதுரங்க வழியையே ஏற்கின்றன. ஒலி ஒத்திருப்பது மட்டும் சான்றாகாது. ரசீது இல்லாமல் பேரேட்டில் வரவு வைப்பது வியாபாரிக்கு அழகல்ல, சரித்திரத்திலும் அப்படியே. சொல் எவ்வழி வந்ததாயினும், கடனை எழுத்தில் வைத்து நாணயம் காத்த பெருமை நம் முன்னோருக்கு உண்டு. தவணைக் கடனை எழுதி வைக்குமாறு திருமறையின் 2:282 ஆம் வசனம் கட்டளையிட்டிருக்கிறதல்லவா?

இந்நாளில் செக்கின் புழக்கம் குறைந்து, கைபேசி வழியே பணம் அனுப்புவது பெருகிவிட்டது. ஆயினும் பாங்கியில் பணம் இராது என்று தெரிந்தே முன்தேதியிட்டுச் செக் எழுதிக் கொடுப்பதைச் சாமர்த்தியம் என்று எண்ணுவோர் நம்மிடையே இல்லாமலில்லை. அது திரும்பி வரும் நாளில், சரக்குக் கொடுத்த சிறு வியாபாரி தம் ஆட்களுக்குச் சம்பளம் கொடுக்க வழியின்றித் தவிக்கிறார். ஒருவர் செய்த காரியத்தால் மற்ற நம்மவருக்கும் கடன் கொடுக்க ஊரார் தயங்குகின்றனர்.

தடுத்தலும் சரிபார்த்தலும் இச்சொல்லுக்குள்ளேயே இருக்கின்றன. ஆகவே கையெழுத்திடுமுன் நம்மை நாமே தடுத்துச் சரிபார்த்துக் கொள்வோமாக! அல்லாஹ் நம் வியாபாரத்தில் பரக்கத் அருள்வானாக!