சித்தப்பாவின் போர்வெல்லும் என் கணக்கும்

பாகூர் பக்கம் சித்தப்பா புது போர்வெல் போட இடம் தேடினார். கடலோரம், உப்பு பயம். அக்கம்பக்கத்து மூன்று போர்வெல்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, ஒத்ததைச் சேர்க்கச் சொன்னேன்.

முதலாவது 100 அடி, லிட்டருக்கு 0.5 கிராம் உப்பு. இரண்டாவது 110 அடி, 3 கிராம். மூன்றாவது 140 அடி, 0.6 கிராம்.

ஆழ வித்தியாசம், உப்பு வித்தியாசம் இரண்டையும் வர்க்கமாக்கிக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்தால் 'தூரம்'. முதலாவதிலிருந்து இரண்டாவது 10.3, மூன்றாவது 40. நல்ல தண்ணியும் உப்புத் தண்ணியும் ஒரே கோஷ்டி! "என்னடா, உப்புக் கிணத்துக்கா வழி சொல்றே?" என்றார் சித்தப்பா.

கிராமை மில்லிகிராம் ஆக்கினேன். தூரம் 2500, 108. கோஷ்டி மாறிப் போச்சு. தண்ணி அதேதான்!

இந்த வம்புக்கு பி.சி. மகலனோபிஸ் 1936-இல் ஒரு தூரம் தந்தார். கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனம் தொடங்கியவர். ஒவ்வொரு அளவும் எவ்வளவு சிதறுகிறது, ஒன்று ஏறினால் மற்றதும் ஏறுகிறதா என்று பார்த்து எடை போடும் தூரம் அது. அலகு மாறினாலும் விடை மாறாது.

ஆசையாகப் போட்டேன். மூன்று ஜோடிக்கும் 2! இரண்டு அளவுக்கு மூன்றே கிணறு என்றால் எப்போதும் அப்படித்தான் சமமாக வரும். இப்போது நானும் சித்தப்பாவும் பாட்டிலோடு வீடு வீடாகத் தண்ணி பிடிக்கிறோம்.